முதலில் நாலு பேர்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஷூ கம்பெனியில் பக்கத்து லைனில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண், முப்பத்தாறு வயசு, என் கையைப் பிடித்து வேப்பமரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். பையில் பயாப்ஸி ரிப்போர்ட்.

"அக்கா, நீங்க எப்டிக்கா தாங்குனீங்க? உங்க விசுவாசம் எனக்கு இல்லக்கா" என்று அழுதாள்.

என் விசுவாசமாம்! 2022 ஜூலையில் அதே மாதிரி ஒரு ரிப்போர்ட் என் கைக்கு வந்தபோது நான் ஜெபம் பண்ணவில்லை. வேலூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சில்லறை எடுத்து வரவில்லை என்று வீட்டுக்காரரைத் திட்டினேன். பத்து நிமிஷம் திட்டினேன். அவரும் பேசாமல் வாங்கிக்கொண்டார். மார்பில் கட்டி, புற்றுநோய் என்று டாக்டர் சொல்லி அப்போது அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அவளுக்கு அன்றைக்கு நின்றபடியே சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஊழியக்காரியும் இல்லை. எட்டு கீமோ ஊசி, ஒரு ஆபரேஷன், நாங்கள் கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு பதினைந்து, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் தினசரி மாத்திரை, இவ்வளவுதான் என் படிப்பு. உங்களுக்கு வேறு நோய், வேறு மருந்து இருக்கலாம். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் சட்டம்.

தூக்குகிறவர்களைத் தேடுங்கள்

நம் ஊரில் "நாலு பேர்" என்றால் இரண்டு அர்த்தம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது ஒன்று. கடைசியில் தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வேண்டும் என்பது இன்னொன்று. மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். வாசலில் கூட்டம். கூரையைப் பிரித்து, படுக்கையோடு இறக்குகிறார்கள். அடுத்து வருகிற வார்த்தையை நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளி, சபை என்று கேட்டும் நான் கவனித்ததில்லை: "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு." அவன் விசுவாசத்தைக் கண்டு என்று இல்லை. படுத்திருந்தவன் வாயே திறக்கவில்லை.

ஆகவே ரிப்போர்ட் வந்த வாரத்தில் விசுவாசத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நாலு பேரைப் பிடியுங்கள். ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள். எல்லோரும் எல்லாமும் செய்கிறேன் என்பார்கள், விடாதீர்கள்.

எனக்கு அமைந்த நாலு பேரைச் சொல்கிறேன். முதல் ஆள் பெரிய பையன். அவனுக்கு டாக்டர் அறைக்குள் என்கூட வந்து கேள்வி கேட்கிற வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி இடது பக்கத்தில் டாக்டரிடம் கேட்க வேண்டியது, வலது பக்கத்தில் கர்த்தரிடம் கேட்க வேண்டியது என்று எழுதச் சொன்னேன். "வாந்தி மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா" இடது பக்கம். "சின்னவள் கல்யாணத்தை நான் பார்க்கணும்" வலது பக்கம். சில சமயம் எது எந்தப் பக்கம் என்று குழப்பம் வரும். ஒரு தடவை "இது திரும்பி வருமா?" என்று இரண்டு பக்கத்திலும் எழுதியிருந்தேன். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பதில் சொன்னார்.

இரண்டாவது ஆள் ஆயரம்மா. ஜெபம் அவர்கள் வேலை. தினம் போன் பண்ண வேண்டாம், ஊசி போடுகிற நாளில் காலை ஒன்பது மணிக்கு நீங்கள் இருக்கிற இடத்திலேயே முழங்கால் போடுங்கள், எனக்குத் தெரிந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டேன்.

மூன்றாவது ஆள் பக்கத்து வீட்டு பாய் வீட்டம்மா. ஆம்பூரில் எங்கள் தெருவில் பாதி வீடு முஸ்லிம்களுடையது. ரமலானில் எனக்கு வருகிற நோன்புக் கஞ்சியை எனக்காக மட்டும் தாளிப்பு குறைத்து, குழைய வைத்து, ஊசி போட்ட ஒவ்வொரு வாரமும் கொடுத்தனுப்பினார்கள். "நானும் துவா கேட்டுக்கினுதான் இருக்கேன் தங்கச்சி" என்றார்கள். அதையும் நோட்டில் வலது பக்கத்தில் எழுதிவைத்தேன்.

நாலாவது ஆளைத் தேடுவதுதான் கஷ்டம். நீங்கள் அழும்போது வசனம் சொல்லாத ஆள். எனக்கு அது நாத்தனார். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே இருப்பாள். நான் அழுது முடித்ததும் "எழுந்து மூஞ்சி கழுவு" என்பாள். யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் இப்படித்தான் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

ஒரே ஒரு வசனம் போதும்

வியாதி என்று தெரிந்ததும் வாட்ஸப்பில் வாக்குத்தத்த வசனங்கள் வந்து குவியும். நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். ஊசி ஆரம்பித்தபின் தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கும், படித்தது நிற்காது. அதற்கு முன்பே ஒரு வரியை மனப்பாடம் பண்ணி வையுங்கள். நீளமான வரி வேண்டாம், ஒரு மூச்சுக்குள் அடங்க வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது இருபத்துமூன்றாம் சங்கீதத்திலிருந்து "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." அந்தச் சங்கீதத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். புல்லுள்ள இடம், அமர்ந்த தண்ணீர் எல்லாம் வரும்வரை "அவர், அவர்" என்றுதான் தாவீது சொல்லிக்கொண்டு வருகிறார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர்" என்று நேராகப் பேச ஆரம்பித்துவிடுகிறார். வெளிச்சத்தில் அவரைப் பற்றிப் பேசுகிறவன் இருட்டு வந்ததும் அவரிடம் பேசுகிறான்.

இந்த வரி எனக்கு ரொம்பப் பயன்பட்டது கரண்ட் வைக்கிற அறையில். வலி கிடையாது. ஆனால் உங்களைச் சரியாகப் படுக்கவைத்து, அசையாதீங்கம்மா என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். கனமான கதவு மூடும். உள்ளே நீங்களும் மெஷினும்தான். சில நிமிஷம்தான், ஆனால் அந்தக் கதவுச் சத்தத்துக்கு எனக்கு முதல் நாள் வயிறு கலங்கிவிட்டது. மூச்சை இழுக்கும்போது "தேவரீர்", விடும்போது "என்னோடேகூட இருக்கிறீர்." எண்ணிப் பார்த்தேன், முப்பது தடவைக்குள் கதவு திறந்துவிடும்.

நூற்றிருபத்தோராம் சங்கீதத்தையும் முயற்சி பண்ணினேன். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." ஜன்னல் வழியாகக் கண்களை ஏறெடுத்தால் வேலூர் மலை, மொட்டைப் பாறை. தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, மரமில்லாத மலை என்று நம் ஊரைப் பற்றிச் சொல்வார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் பெங்காலி அம்மாவும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள்.

சாப்பிடுங்கள். உபவாசம் மற்றவர்களுக்கு

சபையில் எனக்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வைத்தார்கள். நானும் இருக்கப்போகிறேன் என்றேன். ஆயர் ஐயா கையெடுத்துக் கும்பிட்டு, "நாங்க இருக்கறது நீ சாப்பிடறதுக்குத்தாம்மா" என்றார். அப்புறம் எலியாவின் கதையைச் சொன்னார். எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, நான் சாகிறேன் என்கிறான். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்."

எனக்கு இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி. முதல் நாலு தடவை சிவப்பு மருந்து. அது ஏறின அன்றைக்கு மூத்திரம் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள், அது ரத்தம் இல்லை, மருந்தின் நிறம். வாந்தி மாத்திரையை வாந்தி வந்தபிறகு தேடக்கூடாது, எழுதிக்கொடுத்த நேரத்தில் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். இட்லி, கஞ்சி, மோர், வேகவைத்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டேன். ஆம்பூரில் இருந்துகொண்டு ஆறு மாசம் பிரியாணி வாசனை பிடிக்காமல் போனது. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய சோதனை ஒருவருக்கும் வராது.

இன்னொன்று. ஊசி போட்டு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் வெள்ளையணு குறைந்து கிடக்கும். அப்போது கிருமி வந்தால் தடுக்க ஆள் இல்லை. தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். பாரசிட்டமால் போட்டுப் பார்ப்போம், ஜெபம் பண்ணிப் பார்ப்போம் என்று விடியும்வரை உட்காராதீர்கள். வண்டியில் போய்க்கொண்டே ஜெபம் பண்ணலாம். நான் மூன்றாவது ஊசிக்குப் பிறகு அப்படித்தான் போனேன், பள்ளிகொண்டா டோல் தாண்டும்வரை கர்த்தருடைய ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு. அஞ்சு நாள் படுக்க வைத்தார்கள்.

அந்த நாட்களில் கூட்டத்துக்கும் போகாதீர்கள், சபைக் கூட்டமும் கூட்டம்தான். திருவிருந்து வேண்டுமானால் ஆயரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், தனிச் சின்னக் கோப்பையில் கொடுப்பார். ஜெபிக்க வருகிறவர்கள் தலையில் கை வைப்பதற்கு முன் சோப்பு போட்டுக் கழுவட்டும். சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நாத்தனார் வாசலிலேயே பக்கெட்டும் சோப்பும் வைத்துவிட்டாள்.

எண்ணெய், தீர்க்கதரிசனம், பாவக் கணக்கு

வருகிறவர்களில் மூன்று வகை ஆட்களிடம் உஷாராக இருங்கள்.

ஒருவர் எண்ணெய் பாட்டில் கொண்டுவருவார். யாக்கோபு நிருபத்தில் மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கிறது, நானும் பூசிக்கொண்டேன், நெற்றியில். ஆனால் கரண்ட் வைக்கிற இடத்தில் அந்த எண்ணெயைத் தேய்க்க விடாதீர்கள். அங்கே தோல் வெந்த மாதிரி இருக்கும், அவர்கள் மையால் போட்ட கோடும் அழியக்கூடாது. டாக்டர் சொல்லாத எதையும் அந்த இடத்தில் வைக்க வேண்டாம்.

இன்னொருவர், "உன் குடும்பத்தில் ஏதோ மறைந்த பாவம் இருக்கு" என்பார். எனக்கு ஒரு அம்மா சொன்னார்கள், என் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டு. மூன்று ராத்திரி தூங்கவில்லை. எங்கள் அப்பா குடித்ததிலிருந்து நான் லைனில் பீஸ் கணக்கு கூட்டிப் போட்டதுவரை எண்ணிப் பார்த்தேன். பிறவிக் குருடனைப் பற்றிச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது ஆண்டவர் சொன்னதை நாலாம் நாள்தான் எடுத்துப் படித்தேன்: "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." யோவான் ஒன்பது, மூன்று. அந்தப் பக்கத்தில் ஒரு நூல் வைத்து வையுங்கள். அடுத்த தடவை யாராவது ஆரம்பித்தால் படித்துக் காட்டலாம்.

மூன்றாமவர்தான் ஆபத்து. "சுகமாயிட்ட, விசுவாசி, மாத்திரையை நிறுத்து" என்பார். அப்படி ஒரு பிரசங்கியார் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அவர் பேச்சைக் கேட்டு நான் ஒரு ஊசியைத் தள்ளிப்போட இருந்தேன். பையன்தான் பைபிளைத் திறந்து எசேக்கியா கதையைக் காட்டினான். சாகக் கிடந்த ராஜாவுக்குக் கர்த்தரே வாக்குக் கொடுக்கிறார், உன் நாட்களோடே பதினைந்து வருஷம் கூட்டுவேன் என்று. அப்படியும் ஏசாயா என்ன செய்யச் சொல்கிறான்? அத்திப்பழ அடையை அவர் உடம்பிலிருந்த பிளவைக் கட்டியின்மேல் பற்றுப்போடச் சொல்கிறான். வாக்குத்தத்தமும் உண்டு, பற்றும் உண்டு.

அதுவும் இந்த ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போவது அவிசுவாசம் என்று எப்படிச் சொல்ல மனசு வருகிறது? திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டுக்காரர்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்டார்கள். பிற்பாடு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடரிடம்தான் கேட்டார்கள். அவர் அன்றைக்கு டாக்டராகவில்லை, போக முடியவில்லை. அந்த மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் அமெரிக்கா போய் வைத்தியம் படித்துவிட்டு 1900-ல் திரும்பி, வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். இன்றைக்கு கல்கத்தாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜனங்கள் காட்பாடியில் ரயில் இறங்கி வருவது அந்த ஒரு கட்டிலைத் தேடித்தான். அந்த வளாகத்துக்குள் சாப்பல் என்கிற ஜெப ஆலயமும் இருக்கிறது, நோயாளிகளுக்காக ஜெபிக்கிற சாப்ளின்களும் இருக்கிறார்கள். எந்த மதத்துக்காரரும் போய் உட்காரலாம். காத்திருக்கிற நேரத்தில் பாதியை நான் அங்கேதான் கழித்தேன், பாதி ஜெபம், பாதி தூக்கம்.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி

சிலுவைக்கு முந்தின ராத்திரி ஆண்டவர் கெத்செமனே தோட்டத்தில் பண்ணின ஜெபத்தை நாம் பாதிதான் சொல்கிறோம். "ஆகிலும் உமது சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று நல்ல பிள்ளையாக முடித்துவிடுகிறோம். ஆண்டவர் அதற்கு முன்னால் "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்றார். முதலில் அதைக் கேளுங்கள். வேண்டாம், பயமாயிருக்கிறது, என் மார்பை வெட்ட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஆகிலும்" தானாக வரும்போது வரட்டும். எனக்கு விடியற்காலை நாலரை மணிக்கு வந்தது. சில பேருக்கு ஸ்ட்ரெச்சரில் போகும்போதும் வராது. அப்போது மாற்கு ஒன்பதில் நோயாளி மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் சொன்னது இருக்கிறது, "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அதுவும் ஜெபம்தான், அதற்கும் பதில் வந்தது.

கூட இருக்கிறவர் குறட்டை விட்டால் எழுப்பாதீர்கள். பேதுருவும் தூங்கினான். என் வீட்டுக்காரர் வராந்தாவில் பாயை விரித்து அப்படித் தூங்கினார். எனக்காக இரண்டு மாசம் ஓவர்டைம் பார்த்த மனுஷன்.

உடம்பு மாறிய பிறகு

முடி கொட்டுவது இரண்டு, மூன்று வாரத்தில் ஆரம்பிக்கும். சபையில் முக்காடு போட்டுக்கொள்வதால் பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை. "உங்கள் தலையிலுள்ள மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது" என்று ஆயர் பிரசங்கத்தில் படித்தபோது, இனிமேல் ஆண்டவருக்கு என் விஷயத்தில் வேலை மிச்சம் என்று நாத்தனார் காதில் சொன்னேன். ஆராதனையில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது தப்புதான்.

மார்பு போனது அப்படிச் சிரிக்க வரவில்லை. அக்குளில் கட்டிகளையும் எடுத்துவிட்டதால் இடது கை வீங்காமல் பார்க்க வேண்டும், அந்தக் கையில் பிபி பார்க்க விடக்கூடாது, தினம் உடற்பயிற்சி. இருபத்திரண்டு வருஷம் தைத்த கை. முன்போல லைனில் உட்கார முடியாது என்றதும் கர்த்தரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தினேன் என்றால் நிறுத்தினேன், ஏறக்குறைய ஒரு மாசம். உங்களுக்கும் அந்த மாசம் வரலாம். அப்போது எண்பத்தெட்டாம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்களில் கடைசியில் ஒரு ஸ்தோத்திரம் வந்துவிடும், இதில் வராது. இருட்டிலேயே முடிகிறது. அதையும் எடுத்துப்போடாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்த நாட்களில் பிசியோதெரபியில் ஒரு அம்மா டாக்டர் மேரி வர்கீஸ் பற்றிச் சொன்னார். 1954-ல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இதே வேலூரில் டாக்டர். கால் திரும்பி வரவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பாகாயத்தில் 1966-ல் திறந்த மறுவாழ்வு மையம் அவரால் வந்தது. கேட்டதும் எனக்கு உற்சாகம் எல்லாம் வரவில்லை. "அவங்க டாக்டர், எனக்கு ஷூதான் தைக்கத் தெரியும்" என்று முணுமுணுத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து நோட்டில் இடது பக்கத்தில் எழுதினேன்: எத்தனை மணி நேரம் உட்கார்ந்து தைக்கலாம்? டாக்டரம்மா, இப்போதைக்கு இரண்டு மணி நேரம், நடுவில் கையைத் தூக்கி வைக்கணும் என்றார். இப்போது நான் தைப்பதில்லை, புதுப் பிள்ளைகளுக்குத் தைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன், செக்கிங் பார்க்கிறேன்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜெபத்தில் சொல்ல வெட்கப்படாதீர்கள், அதோடு நிற்கவும் நிற்காதீர்கள். ஈ.எஸ்.ஐ. இருந்தால் கம்பெனி ஆபீஸில் கேளுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கேளுங்கள், ஆஸ்பத்திரியிலேயே சமூகப் பணியாளர் இருப்பார், அவரிடம் கேளுங்கள்.

வேப்பமரத்தடியில் அந்தப் பெண்ணிடம், "உன் நாலு பேர் யாரு, சொல்லு" என்றேன். அம்மா சமைப்பாள் என்றாள். தம்பி டாக்டரிடம் கேட்பான். ஜெபத்துக்கு ஆயரம்மா இருக்கிறார்கள். அதற்குமேல் விரல் மடங்கவில்லை, என்னையே பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு முதல் ஊசி. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அஞ்சேகாலுக்கெல்லாம் நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஃபைல், நோட்டு, தண்ணீர் பாட்டில், எலுமிச்சம்பழம், போர்த்திக்கொள்ள ஒரு துண்டு, ஊசி போடுகிற அறையில் ஏசி குளிரும். நான் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். காத்திருக்கிற நேரத்தில் ஆய்ந்துவிடலாம்.